செவில் நகர்ல அஞ்சு ராத்திரி: ஆத்தாவைக் கூட்டிட்டுப் போறேன், எங்கே தங்கலாம்?

தேவகோட்டைக்காரன்:

வணக்கம். மகள் ஸ்பெயின்ல, மாட்ரிட்ல மேல்படிப்பு படிக்கிறா. அவளுக்கு மார்ச் நடுவுல ஒரு வாரம் லீவு. "மாட்ரிட்டை அப்புறம் பாத்துக்கலாம் அப்பச்சி, செவில் போவோம்"னு அவளே முடிவு பண்ணிட்டா. நான், வீட்டில, மகள், ஆத்தா, ஆக நாலு பேர். அஞ்சு ராத்திரி. குன்றக்குடி பங்குனி உத்திரத்துக்குள்ள ஊர் திரும்பிடணும், அதுல மாத்தமில்லை.

காசி, ராமேஸ்வரம்னா கவலையே கிடையாது. நம்ம நகரத்தாரோட நகர விடுதிக்கு ஒரு போன் போட்டா அறை ஆச்சு, சாப்பாடும் ஆச்சு. செவில்ல ஒரு விடுதி கட்டணும்னு நம்ம ஐயாக்களுக்குத் தோணாமப் போச்சு. அதான் இங்கே கேக்குறேன்.

தேடிப் பாத்தா எல்லாரும் சாந்தா குரூஸ்னு ஒரே பேட்டையைச் சொல்றாங்க. பெரிய தேவாலயத்துக்கு ஒட்டினாப்ல குறுகல் சந்து, வெள்ளைச் சுவர், பூத்தொட்டி. படம் நல்லாத்தான் இருக்கு. ஆனா ஆத்தாவுக்கு 74 வயசு, வலது முழங்கால் சொன்ன பேச்சு கேக்கிறதில்லை. ஒரு மாடி ஏறுவாக, ரெண்டாவது மாடின்னா படியிலேயே உக்காந்துருவாக. சுத்த சைவம், முட்டை கூடத் தொடமாட்டாக.

என்ன பாக்கணும்னு ஆத்தாகிட்டயே கேட்டேன். "பெரிய கோயில் ஒண்ணு, சந்தை ஒண்ணு, அப்புறம் உக்கார ஒரு இடம். அதுக்கு மேல என்னைய இழுக்காதே"ன்னுட்டாக. மகள் வச்சிருக்கிற பட்டியல்ல முப்பது இடம் இருக்கு. போய்ட்டு வந்தவுக சொல்லுங்க.


ஆத்தங்குடிப் பட்டறை:

தம்பி, நான் மூணு தலைமுறையாத் தரையில பதிக்கிற பூக்கல் ஊத்துறவன். உங்க ஊர்ல ஏதாவது ஒரு வளவுல எங்க அப்பா கை பட்ட கல்லு கிடக்கலாம். மருமகன் மலாகாவுல வேலை பாக்குறாரு. அந்தச் சாக்குல ஒரு ஜூன் மாசம் செவில்ல ஒம்பது ராத்திரி இருந்தேன். முதல் மூணு ராத்திரி சாந்தா குரூஸ். மிச்சம் ஆறு, ஆத்துக்கு அக்கரையில ட்ரியானா. ரெண்டையும் பாத்தவன் சொல்றேன், கேளுங்க.

சாந்தா குரூஸ்ல டாக்ஸி பேட்டை விளிம்புலயே நின்னுருச்சு. உள்ளே கார் நுழையாது. உருண்டைக் கல்லு பதிச்ச சந்து, பெட்டிச் சக்கரம் ஒண்ணு அங்கேயே கழண்டுச்சு. நாங்க எடுத்த அறை மூணாவது மாடி. லிஃப்ட் கிடையாதுங்கிறதைப் பதிவு பண்ணின பக்கத்துல கடைசி வரியில, எறும்பு எழுத்துல போட்டிருந்தான். படியும் நேரா இல்லை, கிணத்துக்குள்ள இறங்குற மாதிரி சுத்திச் சுத்தி. என் சம்சாரம் முதல் நாள் மேலே ஏறினவ, "நாளைக்கு எனக்கு இங்கேயே பழம் வாங்கிட்டு வந்துருங்க"ன்னுட்டா. ராத்திரி ஒரு மணி வரைக்கும் கீழே நாற்காலி இழுக்கிற சத்தம், விடியக்காலை ஊரை விட்டுக் கிளம்புறவன் பெட்டி உருட்டுற சத்தம். அந்தப் பேட்டை ஒரு காலத்துல யூதர்கள் இருந்த இடம். சந்து அவ்வளவு குறுகலா இருக்கிறது வெயில் தரையில விழாம இருக்க. காலையில எட்டு மணிக்கு, கூட்டம் வர்றதுக்கு முன்ன நடந்து பாருங்க, அருமை. தங்குறதுக்கு ஆத்தாவைக் கொண்டுபோய் அங்கே வைக்காதீக.

இப்ப நான் சொல்ல வந்த விஷயம். தங்குற இடம் ராத்திரி படுக்கத்தானேன்னு எல்லாரும் நினைக்கிறாக. அந்த ஊர்ல அது மத்தியானத்துக்கு. ரெண்டு மணிக்குச் சின்னக் கடையெல்லாம் ஷட்டரை இறக்கிருவாக, அஞ்சு மணி, அஞ்சரைக்குத்தான் திறப்பாக. மதியச் சாப்பாடு ரெண்டுலேருந்து நாலு. அப்புறம் அடுப்பை அணைச்சா ராத்திரி எட்டரைக்குத்தான் மறுபடி பத்த வைப்பாக. அந்த நடு நேரத்துல நீங்க எங்கே இருப்பீக? அறையில. அந்த அறைக்கு வெளியில உக்கார ஒரு முற்றம் இருக்கான்னு பாத்து எடுங்க. ஆத்தா கேட்ட "உக்கார ஒரு இடம்" அதுதான்.

அவுக அந்த முற்றத்தை 'பாத்தியோ'ன்னு சொல்றாக. நான் ட்ரியானாவுல எடுத்த வீட்டுக்குள்ள நுழைஞ்சதும் எனக்குச் சிரிப்பு வந்துருச்சு. தெருக்கதவு, அதைத் தாண்டி முகப்பு மாதிரி ஒரு சின்ன நடை, அப்புறம் இரும்புக் கம்பிக் கதவு. அந்தக் கம்பி வழியாத் தெருவுல போறவன் உள்ளே பாத்துக்கிட்டே போகலாம். உள்ளே போனா நம்ம வளவேதான்: நடுவுல வானம், சுத்தித் தூணு, தூணுக்குப் பின்னாடி அறைக. வித்தியாசம் ஒண்ணு உண்டு. நம்ம வளவு வானத்தைப் பாத்து நிக்கிறது மழைத்தண்ணியை உள்ளே வாங்க. அவுகளுக்கு ராத்திரி காத்துதான் முக்கியம். காலையில பத்து மணிக்கு மேலே கித்தான் துணியைக் கயிறு பிடிச்சு இழுத்து முற்றத்தையே மூடிருவாக. பொழுது சாஞ்சதும் திறந்து விடுவாக. ஜூன் மாசம் வெளியில நாப்பது டிகிரி, உள்ளே நான் துண்டை விரிச்சுத் தரையில படுத்துத் தூங்கினேன். தெருவுக்கே பந்தல் போடுவாக. சியெர்ப்பெஸ்னு கடைத்தெரு ஒண்ணு, அது முழுக்க இந்தப்பக்க மாடிக்கும் அந்தப்பக்க மாடிக்கும் துணி கட்டியிருக்கும். நம்ம வைகாசிக் கல்யாணம் ஞாபகம் வந்துச்சு.

ட்ரியானாவுல கொர்ரால்னு பழைய குடியிருப்பு இன்னும் ஒண்ணு ரெண்டு இருக்கு. ஒரே முற்றம், சுத்தி ஒவ்வொரு அறையிலயும் ஒரு குடும்பம், கிணறும் துணி துவைக்கிற இடமும் பொது. நகரத்தார் வீட்டுல பிள்ளைக கல்யாணமானதும் வேறு வைக்கிறது, ஒரு வளவுக்குள்ள அஞ்சு அடுப்பு எரியுறது, அதைப் பாத்து வளர்ந்தவனுக்கு அது ஒண்ணும் புதுசு இல்லை. ஆனா அங்கே அவுக சொந்தக்காரங்க கிடையாது, வாடகைக்காரங்க. சண்டை மட்டும் ஒரே மாதிரித்தான் இருந்திருக்கும்.

என் தொழில் பத்திக் கொஞ்சம் பேச விடுங்க. ட்ரியானா மண்பாண்டக்காரங்க பேட்டை. அல்ஃபரெரியான்னு ஒரு தெரு, நம்ம மொழியில குயவர் தெரு. சாந்தா ஆனாங்கிற பழைய ஓட்டுப் பட்டறையை 2014ல காட்சிக்கூடமா மாத்தியிருக்காக. சூளைகளை இடிக்காம அப்படியே வச்சிருக்காக. அவுக ஓடு சுட்டது, நம்ம கல்லு சுடாதது. நான் கண்ணாடி மேல அச்சை வச்சு, தகரத் தடுப்புக்குள்ள நிறத்தை ஊத்தி, மேலே மணலும் சிமெண்டும் போட்டு, தண்ணித் தொட்டியில ஊறப் போடுறவன். அவன் களிமண்ணு, நெருப்பு. ஆனா ஒரு நிறம் இன்னொரு நிறத்தோட கலக்காம எப்படி நிறுத்துறதுங்கிற தலைவலி ரெண்டு பேருக்கும் ஒண்ணுதான். அவன் அதுக்கு ரெண்டு வழி கண்டுபிடிச்சிருக்கான். ஒண்ணு, எண்ணெய்ப் பிசுக்கும் மாங்கனீசும் கலந்து கோடு இழுத்துருவான். தண்ணியில கரைச்ச நிறம் அந்த எண்ணெய்க் கோட்டைத் தாண்டாது. இன்னொண்ணு, ஈரக் களிமண்ணுல அச்சை அழுத்துவான், வரப்பு எழும்பும், பாத்திக்கு ஒரு நிறமா ஊத்துவான். காட்சிக்கூடத்துல இதைப் பாத்துட்டு நான் ஒரு மணி நேரம் அந்த இடத்தை விட்டு நகரலை. சம்சாரம் வாசல்ல போய் உக்காந்துட்டா.

அல்காசர் அரண்மனைக்கு அவசியம் போங்க. அதுக்குள்ள இருக்கிற முக்கிய மாளிகை 1360கள்ல பெத்ரோங்கிற கிறிஸ்தவ ராசா கட்டினது, ஆனா வேலை செஞ்சவுக முஸ்லிம் கைவினைக்காரவுக. கிறிஸ்தவ ராசா வீட்டு வாசல்ல "அல்லாவைத் தவிர வெல்பவர் இல்லை"ன்னு அரபியில, நீல ஓட்டுல எழுதி வச்சிருக்கு. கன்னியர் முற்றம்னு பெரிய முற்றம் ஒண்ணு இருக்கு. அங்கே சுவர்ல கீழ்ப்பாதி ஓடு, ஒவ்வொரு துண்டும் தனித்தனியா வெட்டிச் சேர்த்தது. மக்கள் மேலே கூரையைப் படம் எடுத்துக்கிட்டே போறாக. நீங்க குனிஞ்சு ஓரத்தைப் பாருங்க.

கூட்டம் பிடிக்கலைன்னா பிலாத்து வீடுன்னு ஒரு பிரபு வீடு இருக்கு, காசா தே பிலாத்தோஸ். எனக்கு அரண்மனையை விட அதுதான் பிடிச்சுது, ஏன்னா அது வீடு. 1530கள்ல பதிச்ச ஓடு, நூத்தம்பது மாதிரிக்கு மேல இருக்கும்னு சொல்றாக, நான் எண்ண ஆரம்பிச்சு நாப்பதோட விட்டுட்டேன். அங்கே ஒரு விஷயம் தெரிஞ்சுக்கிட்டேன். அந்த ஊர்ப் பெரிய வீடுகள்ல கோடைக்குக் கீழ்த்தளம், குளிருக்கு மேல்தளம். வருஷத்துக்கு ரெண்டு தடவை குடும்பமே கட்டிலு பெட்டியோட மாடி மாறும். நீங்க மார்ச்சுல போறீக, அதனால இதைக் கவனிங்க. பகல் இருபது டிகிரி சுகமா இருக்கும், ராத்திரி பத்துக்கு இறங்கிரும். கீழ்த்தள அறை எடுத்தா ஓட்டுத் தரை ஐஸ் மாதிரி இருக்கும், ஆத்தா முழங்காலுக்கு ஆகாது. முற்றத்தைப் பாத்த மாடி அறை, லிஃப்ட் உண்டான்னு எழுதிக் கேட்டு வாங்குங்க.

இடம்: ட்ரியானாவுல புரேசா தெருவுப் பக்கம், இல்லைன்னா சான் ஹசிந்தோ தெருவை ஒட்டி. சமதரை, கார் வராத கடைத்தெரு, வழி நெடுக உக்கார பெஞ்சு. பெத்திஸ் தெரு ஆத்தை ஒட்டி இருக்கும், படத்துல மயக்கும், ராத்திரி மதுக்கடைச் சத்தம். எடுக்காதீக.


நூரம்பெர்க்ல ஒரு காரைக்குடி:

பட்டறை அண்ணன் எழுதினதை ரசிச்சுப் படிச்சேன். ஆனா ட்ரியானாங்கிற யோசனைக்கு நான் ஒத்துக்க மாட்டேன். அண்ணன் நடக்கிற ஆளு. ட்ரியானா பாலத்துலேருந்து தேவாலயம் வரைக்கும் இருபது நிமிஷ நடை. 74 வயசு ஆத்தாவுக்கு அது முப்பத்தஞ்சு. ஒரு நாளைக்குப் போக வர ரெண்டு தடவைன்னா முழங்கால் மூணாம் நாளே ராஜினாமா பண்ணிடும்.

நான் ரெண்டு முறை போயிருக்கேன், ஒரு முறை மாமனார் மாமியாரோட. அவங்களை வச்சது அரேனால்ல. ஆத்துக்கும் தேவாலயத்துக்கும் நடுவுல இருக்கிற பேட்டை, காளைச்சண்டை அரங்கம் இருக்கிற இடம். டாக்ஸி வாசலுக்கே வரும், தரை சமதளம், லிஃப்ட் இருக்கிற ஓட்டல் நிறைய. இந்தப்பக்கம் பத்து நிமிஷத்துல தேவாலயம், அந்தப்பக்கம் அதே அளவுல ட்ரியானா பாலம். முற்றம் வேணும்னா அரேனால்லயும் பழைய வீட்டை ஓட்டலா மாத்தினது கிடைக்கும். அலமேதா பக்கம் விலை குறைவா இருக்கேன்னு மகள் காட்டினா வேண்டாம்னு சொல்லுங்க. இளசுகளுக்கான இடம், விடிய விடிய கூட்டம்.

முக்கியமான எச்சரிக்கை: தேதியை ஈஸ்டரோட ஒப்பிட்டுப் பாருங்க. ஈஸ்டருக்கு முந்தின வாரம் செமானா சாந்தா. சப்பரம் மாதிரி பெரிய பீடங்களை அடியில ஆள் நுழைஞ்சு கழுத்துல தாங்கித் தூக்கிட்டு வருவாங்க, முக்காடு போட்ட ஊர்வலம் மணிக்கணக்கா நடக்கும். பாக்க வேண்டிய காட்சிதான், ஆனா அறை வாடகை எகிறும், தெருவைக் கடக்கவே அரை மணி நேரம் ஆகும். அது முடிஞ்சு ரெண்டு வாரத்துல ஏப்ரல் திருவிழா. அங்கே போடுற பந்தல்கள்ல பெரும்பாலானது தனியாருடையது, அழைப்பு இல்லாம உள்ளே விடமாட்டாங்க. நீங்க அதுக்கெல்லாம் முன்னாடியே திரும்பிடறதா இருந்தா நல்லது.

மாட்ரிட்லேருந்து அதிவேக ரயில், ரெண்டரை மணி நேரம். 1992 உலகக் கண்காட்சிக்காகப் போட்ட பாதை, ஸ்பெயின்ல முதல் அதிவேகப் பாதையே அதுதான். டிக்கெட்டை முன்கூட்டி எடுங்க, நாள் நெருங்க நெருங்க விலை ஏறும். ரயில் ஏறும் முன்னாடி பெட்டியை ஸ்கேன் பண்ணுவாங்க, புறப்படும் நேரத்துக்குச் சற்று முன்னாடியே வாசலை மூடிடுவாங்க. பல்லவன் ரயில்ல ஏறுற மாதிரி கடைசி நிமிஷத்துல ஓடிப் பிடிக்க முடியாது.

அல்காசர் டிக்கெட்டை ஆன்லைன்ல நேரம் குறிச்சு எடுங்க, நுழையும்போது பாஸ்போர்ட் கேப்பாங்க. தேவாலய வாசல்ல ரோஸ்மேரிக் கொத்தைக் கையில திணிக்கிற பெண்கள் நிப்பாங்க. வாங்கிட்டா அடுத்த நொடி கையைப் பிடிச்சு ரேகை பாத்துக் காசு கேப்பாங்க. என் மாமியார் பிரசாதம்னு நினைச்சுக் கண்ணுல ஒத்திக்கிட்டு வாங்கிட்டாங்க. அஞ்சு யூரோ போச்சு.

ஸ்பெயினுக்கு வேண்டிய ஷெங்கன் விசாவுக்கு ஆறு மாசம் முன்னாடியே விண்ணப்பிக்கலாம். கட்டணம் 90 யூரோ, 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்பீடு கட்டாயம். கடைசி நேரத்துல வச்சுக்காதீங்க.


கோட்டையூர் ஆச்சி:

ரெண்டு பேரும் அறை, ரயில்னு பேசிட்டாக. சாப்பாட்டைப் பத்தி ஒருத்தரும் வாயைத் திறக்கலை.

தம்பி, "வெஜிடேரியன்"னு சொன்னா அங்கே தலையை ஆட்டுவாக, அப்புறம் சாலட்ல சூரை மீனைத் தூவிக் கொண்டாந்து வைப்பாக. அவுக கணக்குல மீன் கறி இல்லை, பன்னித்தொடைத் துண்டு வாசனைக்குப் போடுறது. ஏமாத்தணும்னு செய்யலை, அவுக புத்தியில அப்படித்தான் பதிஞ்சிருக்கு. அதனால நாலையும் தனித்தனியாச் சொல்லணும்: சின் கார்னே, சின் ஹமோன், சின் பெஸ்காதோ, சின் உயெவோ. கறி இல்லாம, பன்னித்தொடை இல்லாம, மீன் இல்லாம, முட்டை இல்லாம. நான் இதை மந்திரம் மாதிரி மனப்பாடம் பண்ணிக்கிட்டேன். என் வீட்டுக்காரரு ஒரு தாள்ல எழுதிச் சட்டைப்பையில வச்சிருந்தாரு.

ஆத்தாவுக்குத் தைரியமா வாங்கிக் கொடுக்கக் கூடியது எஸ்பினாக்காஸ் கோன் கர்பான்சோஸ். செவில்காரங்களோட சொந்தப் பண்டம். பசலை மாதிரி ஒரு கீரை, கொண்டைக்கடலை, பூண்டு, சீரகம், கெட்டியாகிறதுக்கு வறுத்த ரொட்டியை அரைச்சு விடுறாக. முதல் வாய் வச்சதும் நம்ம கீரை மசியலுக்குத் தூரத்துச் சொந்தம்னு தெரிஞ்சுது. காரம் மட்டும் சுத்தமாக் கிடையாது, ரெண்டு காஞ்ச மிளகாய் கிள்ளிப் போட்டிருந்தா எங்கேயோ போயிருக்கும். கத்தரிக்காயை மெல்லிசா நறுக்கிப் பொரிச்சு மேலே கரும்புப் பாகு ஊத்தித் தருவாக, நான் மூணு நாளும் கேட்டு வாங்கினேன். சல்மொரேஹோன்னு தக்காளியை ரொட்டியோட அரைச்ச குளிர்ந்த கூழு நல்லா இருக்கும், ஆனா மேலே முட்டையும் பன்னித்தொடையும் தூவுவாக, முன்னாடியே மந்திரத்தைச் சொல்லிருங்க. காலையில சுட்ட ரொட்டி, ஆலிவ் எண்ணெய், துருவின தக்காளி. அது எந்தக் கடையிலயும் பயமில்லாமச் சாப்பிடலாம். தோர்த்தியான்னு உருளைக்கிழங்கு அடை மாதிரி கண்ணாடிக்குள்ள வச்சிருப்பாக, அது முட்டை. கந்தரப்பம் மாதிரி இருக்கேன்னு கை நீட்டிறாதீக.

ஊர்லேருந்து பருப்புப் பொடி, இட்லிப் பொடி, தேன்குழல் கொண்டு போங்க. நெய், பால்கோவா மாதிரி பால் பண்டம் எதுவும் ஐரோப்பாவுக்குள்ள கொண்டு போகக் கூடாது. பச்சைக் கறிவேப்பிலையும் கூடாது. எனக்கு அது ஏன்னு அப்ப புரியலை, பிறகுதான் சொன்னாக: கறிவேப்பிலை எலுமிச்சைக் குடும்பமாம், ஆரஞ்சு மரத்தைக் கொல்ற ஒரு நோயைப் பரப்புற பூச்சி அதுல ஒட்டிக்கிட்டு வருமாம். ஊரெல்லாம் ஆரஞ்சு மரத்தை நட்டு வச்சிருக்கிறவுக பயப்படாம என்ன செய்வாக.

அடுப்போட இருக்கிற வீடா எடுத்தா ராத்திரிக்கு ஒரு ரசம் சாதம் முடிஞ்சுது. சூப்பர் மார்க்கெட்ல அரிசி, தயிர் எல்லாம் கிடைக்குது. ஞாயித்துக்கிழமை பெரும்பாலான கடை மூடியிருக்கும், சனிக்கிழமையே வாங்கி வச்சிருங்க.


தேவகோட்டைக்காரன்:

மூணு பேருக்கும் நன்றி. ஆச்சி சொன்ன நாலு வரியை மகள் படிச்சுக் காட்டினா, ஆத்தா இப்பவே "சின் உயெவோ"ன்னு சொல்லிப் பாக்குறாக.

மூணு சந்தேகம். தேவாலயக் கோபுரத்துல ஏறணும்னு வீட்டில ஆசைப்படுறாங்க, ஆத்தாவைக் கீழே தனியா விட மனசில்லை. ரெண்டாவது, ராத்திரி பாட்டுக் கச்சேரி, ஃப்ளமெங்கோ, போகலாமா? மூணாவது எனக்கே எனக்கு. எங்க ஐயா ரங்கூன்ல கடை வச்சிருந்தவுக, எனக்குப் பழைய வியாபாரக் கணக்கு, பேரேடுன்னா கிறுக்கு. அந்த மாதிரி ஏதாவது உண்டா?


ஆத்தங்குடிப் பட்டறை:

முதல்ல நூரம்பெர்க் தம்பிக்கு. அரேனாலைப் பத்தி நீங்க சொன்னது சரிதான்யா. முழங்கால் விஷயத்துல நான் தோத்தேன். ஆனா ஒரு சாயந்திரமாவது ஆத்தாவை டாக்ஸியில ட்ரியானா கூட்டிட்டுப் போங்க.

கோபுரம். பேரு ஹிரால்டா. பள்ளிவாசலோட மினாராவா 1198ல கட்டி முடிச்சது. பள்ளிவாசல் போயி தேவாலயம் வந்தப்ப இதை இடிக்காம மேலே மணிக்கூண்டை வச்சுட்டாக. உள்ளே படிக்கட்டு இல்லை, சரிவு. முப்பத்தஞ்சு சரிவு, கடைசியில மட்டும் கொஞ்சம் படி. குதிரையில ஏறிப் போறதுக்காக அப்படிக் கட்டினதாச் சொல்வாக. ஒவ்வொரு திருப்பத்துலயும் சன்னல் இருக்கு, நின்னு மூச்சு வாங்கலாம். என் சம்சாரம் முழங்கால் வலின்னு மாடிப்படியைச் சபிச்சவ, இதுல ஏறிட்டா. ஆத்தா பாதி வரை வரட்டும், முடியலைன்னா திரும்பிக்கலாம். இல்லைன்னா கீழே ஆரஞ்சு மர முற்றத்துல மகளோட உக்காரட்டும். அந்த முற்றமும் பழைய பள்ளிவாசலோடதுதான். உள்ளே கொலம்பஸ் சமாதி இருக்கு, நாலு ராச்சியத்து ஆளுக பெட்டியைத் தோள்ல தூக்கிட்டு நிக்கிற மாதிரி. ஆத்தா அதைப் பாத்தா "யாரு செத்தது"ன்னு கட்டாயம் கேப்பாக.

பேரேடு கேட்டீகளே, உங்களுக்குன்னே கட்டி வச்ச மாதிரி ஒரு இடம் தேவாலயத்துக்கு எதிர்லயே இருக்கு. இந்தியாஸ் ஆவணக் காப்பகம். இந்தியாஸ்னா நாம இல்லை, அமெரிக்கா. காசு இல்லாம உள்ளே போகலாம், வரிசையும் கிடையாது. முதல்ல அது வணிகர் மண்டபமாத்தான் கட்டினது. அதுக்கு முன்ன வியாபாரிக தேவாலயப் படியிலயே உக்காந்து பேரம் பேசியிருக்காக, மழை வந்தா உள்ளேயே நுழைஞ்சிருவாக. பாதிரிமாருக்குப் பொறுக்கலை. தேவாலயத்தைச் சுத்தி இன்னைக்கும் தூணும் சங்கிலியும் இருக்கு பாருங்க, அவுகளை நிறுத்தத்தான். அப்புறம் தனி மண்டபம் கட்டிக் கொடுத்தாக. 1785ல அதுல கடல் கடந்த வியாபாரத்தோட, ஆட்சியோட தாளையெல்லாம் கொண்டாந்து சேர்த்தாக. எட்டுக் கோடிப் பக்கம் இருக்காம். 1503லேருந்து அமெரிக்க வியாபாரம் முழுக்க இந்த ஊர் வழியாத்தான் போகணும்னு சட்டம். ஆத்துல மணல் மேடிட்டுப் பெரிய கப்பல் ஏறி வர முடியாமப் போக, 1717ல எல்லாம் காதிஸ் துறைமுகத்துக்குப் போயிருச்சு. ஒரு ஊரு எப்படிப் பணம் சேர்த்து வீடு கட்டி, அப்புறம் வீடு மட்டும் மிஞ்சுதுங்கிறதை உங்களுக்கு நான் சொல்லணுமா. கானாடுகாத்தான்ல பூட்டிக் கிடக்கிற வீட்டுக்கெல்லாம் கல்லு மாத்தப் போறவன் நான். அந்த மண்டபத்துப் பளிங்குப் படியில நின்னப்ப எனக்கு ஊரு ஞாபகம்தான் வந்துச்சு.

பாட்டு. பெரிய அரங்கத்துல சாப்பாட்டோட சேர்த்து விக்கிறது வேண்டாம். பழைய வீட்டு முற்றத்துல நாப்பது அம்பது நாற்காலி போட்டு மைக் இல்லாம ஒரு மணி நேரம் நடத்துவாக, அதுக்குப் போங்க. பன்னெண்டு அடிக்கு ஒரு சுத்து, கைத்தட்டுதான் தாளம், உக்காந்திருக்கிறவன் "ஓலே"ங்கிறது நம்ம "பலே" மாதிரி. நான் போன அன்னைக்கு ஒரு பெரியவரு கிதார் இல்லாம, எந்த வாத்தியமும் இல்லாமத் தனியாப் பாடினாரு. மார்த்தினேத்தேன்னு சொன்னாக. ட்ரியானாக் கொல்லப் பட்டறையில சம்மட்டி அடிக்கிற அடிக்குப் பாடினதாம். வார்த்தை ஒண்ணும் புரியலை, ஒப்பாரியா, ஏலேலோவான்னும் பிடிபடலை. பட்டறையில நிக்கிறவன் மூச்சு அதுல இருந்துச்சு, அது எனக்குத் தெரியும். நிகழ்ச்சி முடிஞ்சும் கொஞ்ச நேரம் எந்திரிக்க முடியலை.

சந்தைக்கு ட்ரியானாச் சந்தைதான், பாலத்து முனையிலயே இருக்கு. காலையில போங்க, மதியத்துக்கு மேல காய்கறிக்காரங்க கட்டிருவாக, ஞாயிறு லீவு. அடியில பழைய கோட்டை இடிபாடு இருக்கு. அந்தக் காலத்துல மத விசாரணைக்காரங்க ஆளுகளைப் பிடிச்சு வச்ச இடம். மேலே தக்காளி விக்கிறாக.

பிளாசா தே எஸ்பான்யாவை விட்டுட்டேனே. 1929 கண்காட்சிக்குக் கட்டின அரைவட்டக் கட்டடம், மாகாணத்துக்கு ஒண்ணா 48 ஓட்டு மேடை. காலை எட்டு மணிக்குப் போனா ஆத்தா எந்த மாகாணத்துல வேணும்னாலும் உக்காரலாம். பதினொண்ணுக்குப் போனா இடம் கிடைக்காது.

இன்னொண்ணு. நீங்க இறங்கப் போற ரயில் நிலையத்துப் பேரு சாந்தா ஹுஸ்தா. ஹுஸ்தாவும் ருஃபினாவும் ட்ரியானாவுல பானை வித்த அக்கா தங்கச்சி, பிற தெய்வத் திருவிழாவுக்குப் பானை கொடுக்க மாட்டேன்னு உசிரை விட்டவுகன்னு கதை. ஊரையே காக்கிற தெய்வமா வச்சிருக்காக. குயவர் வீட்டுப் பொண்ணு பேருல அதிவேக ரயில் நிக்குது தம்பி. நான் பேர்ப்பலகைக்குப் பக்கத்துல நின்னு படம் எடுத்துக்கிட்டேன்.


தேவகோட்டைக்காரன்:

அண்ணே, அரேனால்ல ஒரு பழைய வீட்டு ஓட்டல் எடுத்தாச்சு. ரெண்டாம் மாடி, முற்றத்தைப் பாத்த அறை. லிஃப்ட் உண்டுன்னு எழுதியே வாங்கிட்டேன், நாலு பேர் நிக்க முடியுமாங்கிறதையும் கேட்டாச்சு, மூணு பேர்தானாம். நான் படியில வந்துக்கிறேன். மகள் பட்டியல் முப்பதுலேருந்து ஒம்பதா இறங்கியிருக்கு.

ஆத்தா ஒரு கேள்வி அனுப்பச் சொன்னாக. ஊரெல்லாம் ஆரஞ்சு மரம்னு ஆச்சி எழுதினாகளே, அந்தக் காயைப் பறிச்சு நார்த்தங்காய் மாதிரி உப்புல போட முடியுமான்னு.


கோட்டையூர் ஆச்சி:

ஆத்தாவுக்கு என் வணக்கம். நானும் அதையேதான் நினைச்சேன்! அந்தக் காயி கசப்பு, தின்ன முடியாது, நம்ம கிடாரங்காய் சாதி. இங்கிலாந்துக்காரங்க அதை வாங்கித்தான் மார்மலேட் போடுறாகளாம். ஆனா தெருவுல நிக்கிறது வண்டிப் புகையைக் குடிச்சு வளர்ந்தது, தொட வேண்டாம். நீங்க போற மாசத்துல காயைப் பெரும்பாலும் பறிச்சிருப்பாக, பூத்தான் இருக்கும், தெருவே மணக்கும். சாந்தா பவுலான்னு ஒரு கன்னியர் மடம் இருக்கு, அங்கே கன்னியாஸ்திரீகளே போட்ட ஆரஞ்சு மார்மலேட் விக்கிறாக. ரெண்டு பாட்டில் வாங்கி வரச் சொல்லுங்க. ஒண்ணு எனக்கு, கோட்டையூர் வந்து வாங்கிக்கிறதா இருந்தாலும் சரி, நானே தேவகோட்டை வர்றேன்.